புயலுக்கு மறுநாள் குளிர்கடலில் இறங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்: முக்குளிப்பு

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் எங்களுக்கு வரும் கடிதங்களில் மெல்பர்னின் பெயர் அடிக்கடி தென்படும். அங்கே அது குளிர்காலம். போர்ட் ஃபிலிப் விரிகுடாவில் சிலந்தி நண்டுகள் ஆயிரக்கணக்கில் கூடி ஓடு உரிப்பதும் ஏறக்குறைய அந்தப் பருவத்தில்தான். மலேசியாவின் தியோமானிலும் நம் புலாவ் ஹந்துவிலும் 29 டிகிரி நீரில் பழகியவர்கள் 10 முதல் 13 டிகிரி நீரில் இறங்கப் போகிறார்கள். அந்த மாதங்களில் பலத்த காற்றும் அடிக்கடி வரும். புயலையும் குளிரையும் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் தம்பி மெல்பர்ன் பக்கம் ஃபிராங்ஸ்டனில் வசிக்கிறான். சில ஆண்டுகளாக ரை, பிளேர்கவுரி படகுத்துறைகளில் இருவரும் சேர்ந்து இறங்குகிறோம். ஒவ்வொரு தூணும் அத்துப்படி. இரவில் புயல் அடித்து ஓய்ந்து, காலையில் வெயில் வந்துவிட்டால் இறங்கலாமா? எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?
– வாசகர், யீஷூன்

இத்தனை நாள் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்ல முடியாது. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, அலை எங்கே பிறந்தது, மழை எவ்வளவு பெய்தது என்று பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

ரையும் பிளேர்கவுரியும் விரிகுடாவின் தென்கரையில் வடக்குப் பார்த்து அமைந்தவை. தெற்கிலிருந்து வரும் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் கரையோர நீர் பெரும்பாலும் தட்டையாகவே கிடக்கும். வடகாற்று அப்படியல்ல. விரிகுடாவின் முழு நீளமும் நீர்மேல் ஓடி வந்து, அலையை நேராகத் துறையின் மேல் மோதவிடும். இரவெல்லாம் தென்மேற்குக் காற்று உறுமிய மறுநாள் ரை அமைதியாக இருக்கலாம். செய்தியில்கூட வராத வடகாற்று அரை நாள் அடித்ததில் அதே இடம் கலங்கிப்போகலாம். ஆஸ்திரேலிய வானிலை ஆய்வகம் போர்ட் ஃபிலிப்புக்கென்று தனிக் கடல் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் காற்றின் திசையையும் வேகத்தையும் முந்தைய நாளிலிருந்தே குறித்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்து அலையின் காலம், அதாவது ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும்வரை ஆகும் நொடிகள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 1.56ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். நீளத்தில் பாதி ஆழம்வரை அதன் ஆட்டம் எட்டும். விரிகுடாவுக்குள் பிறக்கும் 4 நொடி அலையின் நீளம் சுமார் 25 மீட்டர், அது 12 மீட்டர் ஆழம்வரை ஆட்டும். நீங்கள் இறங்கும் துறைகளின் ஆழம் பத்து மீட்டருக்குள்தான் என்பதால், மேலே அலை இருக்கும்வரை தரையிலும் ஆட்டம் இருக்கும். ஆனால் இந்தக் குட்டை அலைகள் காற்று நின்ற சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இந்தத் துறைகள் இருக்கும் மார்னிங்டன் தீபகற்பத்தின் மறுபக்கம், பாஸ் நீரிணையைப் பார்த்த கடற்கரைக்கு வருவது தொலைவில் பிறந்த 12 நொடி அலை. அதன் ஆட்டம் 110 மீட்டர் ஆழம்வரை எட்டும். உள்ளூரில் காற்று நின்று இரண்டு மூன்று நாள் ஆன பிறகும் வந்துகொண்டே இருக்கும். வானம் வெளுத்ததை நம்பி அந்தப் பக்கம் இறங்கவே கூடாது.

துறைக்குப் போனதும் கருவிகளை வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு நுனிவரை நடந்து போங்கள். இருபது நிமிடம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பிறகு நீண்ட இடைவெளி விடும். ஐந்து நிமிடம் மட்டும் பார்த்தவர் கண்ணில் அந்த இடைவெளிதான் பட்டிருக்கும். ஏணிப் பக்கத்துத் தூணில் சிப்பி ஒட்டியிருக்கும் கோட்டைக் கவனியுங்கள். நீர்மட்டம் அந்த இடத்தில் அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் அன்று வேண்டாம். பிறகு அதே தூணின் வழியே பார்வையை மெல்லக் கீழே இறக்குங்கள். இரண்டு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே தூண் பழுப்பு நிறத்தில் கரைந்து மறைந்தால், கீழே துணையின் ஃபின்கூட (காலில் மாட்டும் துடுப்பு) தெரியாது. கலக்கியது மணலா சேறா என்பதும் முக்கியம். மணல், அலை நின்ற சில நிமிடங்களில் படிந்துவிடும். நுண்ணிய சேறு ஐந்து மீட்டர் இறங்கவே கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும்.

மழை பெய்திருந்தால் வடிகால் நீர் கலக்கும் இடங்களிலிருந்து ஒன்றிரண்டு நாள் விலகி இருங்கள். கலிஃபோர்னியாவில் மழைக்குப் பின் 72 மணி நேரம் கடலில் இறங்க வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுறுத்தல். கழிவுநீர்க் கிருமிகளுக்கு நீர் தெளிந்திருக்கிறதா என்பது கணக்கில்லை. காதுத் தொற்றும் வயிற்றுப்போக்கும் தெளிந்த நீரிலும் வரும்.

இவ்வளவும் சரியாக இருந்து இறங்கினாலும், ஒவ்வொரு தூணும் தெரியும் என்ற எண்ணத்தை மட்டும் கரையிலேயே விட்டுவிடுங்கள். தூண்கள் அங்கேயேதான் நிற்கும். ஆனால் அவற்றின் அடியில் மணல் அரிக்கப்பட்டுப் பள்ளம் விழுந்திருக்கும், வேறோர் இடத்தில் மேடு தட்டியிருக்கும். பழைய மீன்பிடி நரம்பும் கயிறும் பிய்ந்த பாசியோடு சுருண்டு, நெஞ்சு உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். தூண்டில்காரர்கள் நிற்கும் துறைகளில் இதுதான் முதல் ஆபத்து. நரம்பு வெட்டும் சிறு கத்தியைக் காலில் கட்டாதீர்கள். இரு கையாலும் எட்டும்படி மார்புப் பட்டையில் மாட்டுங்கள். மற்ற நாளில் நேரே நண்டுக் கூட்டத்துக்குப் போவீர்கள் என்றால், இன்று முதல் பத்து நிமிடம் ஏணிக்கு அருகிலேயே சுற்றி வாருங்கள். இரண்டாவது வெளியேறும் வழியைக் கரையில் நிற்கும்போதே பேசி வையுங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பாரோடு (பார் என்பது காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கினால் 120 பாரில் திரும்பி, 70 பார் மிச்சத்தோடு ஏணிக்கு வந்துவிடுங்கள். குளிரில் மூச்சுச் செலவு கூடும். ஏணியில் முறைக்காகக் காத்திருக்கவும் காற்று வேண்டும்.

தியோமானில் 3 மில்லிமீட்டர் வெட்சூட்டுக்கு (உடலைக் கதகதப்பாக வைக்கும் ரப்பர் உடை) அமிழ்வதற்காக 4 கிலோ ஈயம் போடுவேன். அங்கே 7 மில்லிமீட்டர் சூட், ஹூட் (தலை உறை), கையுறை எல்லாம் வாடகைக்கு எடுக்கிறேன். எத்தனை கிலோ கேட்பது?
– வாசகி, செங்காங்

தொடங்குவதற்கு உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ என்றால் 6 கிலோ. சூட் புதியதென்றால் இன்னும் ஒன்றிரண்டு கிலோ. வாடகைக்குக் கிடைப்பது அலுமினிய சிலிண்டரா இரும்பா என்று கட்டாயம் கேளுங்கள். அலுமினியம் காலியாகும்போது மிதக்கப் பார்க்கும். இரும்பென்றால் சுமார் 2 கிலோ ஈயத்தைக் குறைக்கலாம்.

சரியான அளவை நீர்தான் சொல்லும். அலை இல்லாத, நெஞ்சளவு நீரில் எல்லாக் கருவியும் மாட்டி நில்லுங்கள். முதலில் சூட்டின் கழுத்தை இழுத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். சூட்டின் புது நியோப்ரீன் ரப்பர் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். பிசிடியை (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி) முழுதும் காலி செய்து, சாதாரணமாக மூச்சைப் பிடித்தபடி ஆடாமல் இருந்தால் நீர்மட்டம் கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு இதைச் செய்தால் அதற்குமேல் 2 கிலோ சேருங்கள். 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது சிலிண்டரிலிருந்து போகும் காற்றின் எடை ஏறத்தாழ அவ்வளவுதான். அதைச் சேர்க்காவிட்டால் முடிவில் 5 மீட்டரில் செய்யும் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்க முடியாமல் மேலே போய்விடுவீர்கள்.

தடித்த சூட் ஆழத்தில் மெலியும். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாவதால் குமிழிகள் பாதியாகச் சுருங்கி, மிதப்பும் வெதுவெதுப்பும் சேர்ந்து குறையும். ஆழமில்லாத துறையில் நிலைமை வேறு: சூட் மெலிவது குறைவு, அதனால் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். புயலுக்கு மறுநாள் ஆட்டத்தைச் சமாளிக்க 3, 4 கிலோ கூடுதலாகக் கட்டிக்கொண்டு தரையோடு ஒட்டிக் கிடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அப்படிக் கிடப்பவர் சேற்றைத் தானே கிளப்பிவிடுகிறார். மேற்பரப்பில் ஏணிக்காகக் காத்திருக்கும்போது அதே எடை அவரைக் கீழே இழுக்கும். ஒரு கிலோவுக்கு மேல் கூட்டித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், அந்த நாள் முக்குளிக்க ஏற்றதல்ல என்று பொருள்.

குளிர் நீரில் முகம் பட்டதுமே மூச்சுத் திணறுகிறது. பயமா, குளிரா? எவ்வளவு நேரத்தில் ஏறிவிட வேண்டும்?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

குளிர்தான். தோல் சட்டென்று குளிர்ந்தால் உடல் தானாகவே மூச்சை இழுக்கும்; மூச்சும் நாடியும் எகிறும். மூன்று நிமிடத்துக்குள் அது தணியும். அந்த மூன்று நிமிடத்தில் கீழே போகாமல் இருப்பதுதான் இதற்கு மருந்து. துறையிலிருந்து குதிக்காமல் ஏணி வழியே இறங்குங்கள். முகத்திலும் பிடரியிலும் நீரை அள்ளி விட்டுக்கொள்ளுங்கள். பிசிடியில் காற்றோடு மிதந்தபடி, மூச்சுக் காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருக்க, மூச்சு ஒரே சீராக வரும்வரை காத்திருங்கள். ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான நீர் கொண்டுபோய் இறங்கும் முன் சூட்டுக்குள்ளும் கையுறைக்குள்ளும் ஊற்றிக்கொள்வது நல்ல பழக்கம். ஹூட்டின் கழுத்து அதிகமாக இறுக்கக் கூடாது. கழுத்து நாளத்தை அழுத்தினால் நாடி குறைந்து தலைசுற்றும். அதையும் குளிர் என்றே நினைத்துவிடுவோம்.

எப்போது ஏறுவது என்பதைக் கடிகாரத்தைவிடக் கைதான் சரியாகச் சொல்லும். பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொடச் சிரமப்பட்டால் உடனே திரும்புங்கள். உடல் முழுதும் நடுங்கத் தொடங்கும் முன்பே விரல்கள் மரத்துவிடும். விரல் மரத்தவரால் பிசிடியின் பொத்தானை உணர முடியாது, எடைப் பட்டையின் கொக்கியைக் கழற்ற முடியாது, சிக்கிய மீன்பிடி நரம்பை வெட்டவும் முடியாது. 5 மில்லிமீட்டர் கையுறையோடு இந்த மூன்றையும் வீட்டிலேயே கண்ணை மூடிச் செய்து பழகிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

என் ரெகுலேட்டர் வெப்பக் கடலுக்கானது. குளிரில் உறைந்து காற்று நிற்காமல் கொட்டும் என்று பயமுறுத்துகிறார்கள். புதிது வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், பொங்கோல்

ரெகுலேட்டரின் உடலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஈஎன் 250 தரத்தில், 10 டிகிரிக்குக் கீழே சோதித்துத் தேறாதவற்றில் 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்ற குறி இருக்கும். தேறியவை 4 டிகிரி நீரில் சோதிக்கப்பட்டவை. 12 டிகிரிக் கடலில் உங்களுடையது உறைவது அரிது. ஜூலை, ஆகஸ்டில் நீர் 10 டிகிரியைத் தொடும் என்பதால், அந்த மாதங்களுக்கு முதல் நிலை (சிலிண்டரில் பொருத்தும் பகுதி) நீர் புகாதபடி மூடியிருப்பதை அங்கேயே வாடகைக்கு எடுத்துவிடுங்கள். சிலிண்டரின் உயர் அழுத்தக் காற்று சட்டென்று விரியும்போது உலோகம் கடுமையாகக் குளிர்வதுதான் உறைவதற்குக் காரணம். ஆகவே பர்ஜ் பொத்தானை (ரெகுலேட்டருக்குள் புகுந்த நீரைக் காற்றால் வெளியேற்றுவது) நீளமாக அழுத்தாதீர்கள்; பிசிடியில் காற்றைச் சிறிது சிறிதாக, இரண்டு மூச்சுக்கு நடுவே செலுத்துங்கள்.

புயலுக்குப் பிறகு உங்கள் ரெகுலேட்டருக்கு உண்மையான எதிரி மணல்தான். கரையிலிருந்து அலைக்குள் நடந்து போகும்போது மிதக்கும் மணல், வாயில் கவ்வும் பகுதியான இரண்டாம் நிலைக்குள் புகும். பர்ஜ் பொத்தானின் விளிம்பில் ஒரு சில மணிகள் சிக்கினாலே பொத்தான் திரும்பி வராது, காற்று கொட்டத் தொடங்கும். வெளிமூச்சு வால்வில் சிக்கினால் ஒவ்வொரு மூச்சோடும் உப்புநீர் வாய்க்குள் வரும். மாற்று ரெகுலேட்டர் வாய் மேல்நோக்கித் தொங்கியபடி மணலை வாரிக்கொள்வது இன்னும் அதிகம். அதை மார்பில் கவ்வியில் மாட்டி வையுங்கள். கீழே போகும் முன், ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டிலும் நாலைந்து முறை மூச்சு விட்டுப் பாருங்கள். பிசிடியின் காற்றேற்றும் பொத்தானையும் ஒருமுறை அழுத்தி, சட்டென்று நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

கீழே காற்று கொட்டத் தொடங்கிவிட்டால் வாய்க்கவ்வியை முழுதும் கவ்வாமல், ஒரு பக்கம் உதட்டைத் திறந்து, வரும் காற்றிலிருந்து தேவையானதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு துணையைக் கூப்பிட்டு மெல்ல மேலேறுங்கள். சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும் என்பதால் கீழே நின்று சரிசெய்யப் பார்க்க வேண்டாம்.

ஏணியில் ஏறும்போது அலை தூக்கித் தூணில் அடித்துவிட்டது. எப்படி ஏறுவது?
– வாசகி, தெம்பனிஸ்

ஏணியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மிதந்து அலைக் கூட்டத்தை எண்ணுங்கள். பெரியவை போன பின், நீர் உயர்ந்து வரும்போது ஏணியைப் பிடித்து, அது உங்களைத் தூக்கும் இடத்திலேயே காலை ஊன்றுங்கள். இறங்கும் அலையில் பிடித்தால் முழு எடையும் கையில் விழும். ஏணியைப் பிடிக்கும்வரை ஃபின்னைக் கழற்றாதீர்கள். மேலே போய் நிற்கும்வரை ரெகுலேட்டரும் மாஸ்க்கும் அதனதன் இடத்திலேயே இருக்கட்டும். ஒருவர் ஏறும்போது அடுத்தவர் அவருக்கு நேர்கீழே நிற்கக் கூடாது.

ஏணி சரிப்படாவிட்டால் துறையை விட்டு விலகி மணல் கரைக்கு நீந்துங்கள். முழங்கால் அளவு நீரில் எழுந்து நடக்க முயல்வதால்தான் பலர் விழுகிறார்கள். கை, கால் ஊன்றித் தவழ்ந்தே வெளியே வாருங்கள். பார்ப்பவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

என் கணவருக்கு வயது 56. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்தோனேசியாவில் பலமுறை முக்குளித்திருக்கிறார். மெல்பர்னுக்கும் போக வேண்டும் என்கிறார். அனுமதிக்கலாமா?
– வாசகி, சுவா சூ காங்

அம்மா, நல்ல வேளையாகக் கேட்டீர்கள். இந்தக் கேள்வியை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீரில் மூழ்கினாலே கை கால் இரத்தம் மார்புக்குள் கூடும். குளிர் நீர் தோலின் நாளங்களைச் சுருக்கி அதை இன்னும் அதிகமாக்கும், அழுத்தமும் ஏறும். சிலருக்கு இதனால் நுரையீரலுக்குள்ளேயே நீர் கசியும். உயர் இரத்த அழுத்தமும் ஐம்பதைத் தாண்டிய வயதும் இதற்கு அறியப்பட்ட ஆபத்துக் காரணங்கள். வெப்பக் கடலில் பல ஆண்டுகள் தொல்லை இல்லாமல் இருந்தவருக்கும் குளிர்கடலில் முதல்முறையாக வரலாம்.

அடையாளங்களை இருவரும் தெரிந்து வையுங்கள்: பெரிதாக உழைக்காமலேயே மூச்சு வாங்குதல், இருமல், மார்பில் கரகரப்பு, நுரைத்த சளி, சில வேளை அதில் இளஞ்சிவப்பு. கருவியில் கோளாறு என்று நினைத்து ரெகுலேட்டரைத் துப்பிவிடுபவர்கள் உண்டு. சந்தேகம் வந்த உடனே நீரை விட்டு வெளியேற்றி, படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான சூட்டைத் திறந்து, ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அவசர எண் 000. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

பயணத்துக்கு முன் முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதோடு, மாத்திரை எந்த வகை என்பதும் கேட்கப்படும். பீட்டா பிளாக்கர் வகை, அலையில் நீந்த வேண்டிய நேரத்தில் இதயத் துடிப்பை ஏறவிடாது. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு இறங்குவது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. மருத்துவர் ஒப்புக்கொண்டாலும், புயலுக்கு மறுநாள் அவர் கரையிலேயே இருக்கட்டும்.

நம் ஊரில் சுமத்ரா காற்று அடித்த மறுநாள் புலாவ் ஹந்துவுக்கும் இதே விதிதானா?
– வாசகர், புக்கிட் பாஞ்சாங்

அலை பெரிய பிரச்சினை இல்லை. ஓரிரு மணி நேரத்தில் கடந்துபோகும் காற்று அது. சேறுதான் பிரச்சினை. நம் தென் தீவுகளில் எப்போதுமே நுண்சேறு அதிகம். சாதாரண நாளிலேயே சில மீட்டர்தான் தெரியும் இடத்தில், பெருமழைக்குப் பின் கையை நீட்டினால் விரல் தெரியாது. அங்கு நீரோட்டத்தைத் தீர்மானிப்பது ஓத அட்டவணை. ஓதம் திரும்பும் நேரத்தை ஒட்டி இறங்குங்கள். ஒவ்வொருவரும் விளக்கும் மிதவையும் வைத்திருங்கள். பக்கத்திலேயே கப்பல் போக்குவரத்து இருப்பதால், துணையைத் தேடி ஒரு நிமிடத்துக்கு மேல் கீழே நிற்காமல் இருவரும் மேலே வந்துவிட வேண்டும்.

நடுங்கிக்கொண்டு வெளியே வந்ததும் வெந்நீரில் குளிக்கலாமா?
– வாசகி, அங் மோ கியோ

உடனே வேண்டாம். ஈரத்தைக் கழற்றி, தலையைத் துவட்டி, உலர்ந்த உடையும் கம்பளித் தொப்பியும் போட்டு, இனிப்பான சூடான பானம் குடியுங்கள். நடுக்கம் நின்று அரை மணி நேரம் போகட்டும். வெந்நீர் தோலைச் சட்டென்று சூடாக்கினால், திசுவில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக வெளிவந்து அழுத்தக்குறைவு நோய் உண்டாகும் வாய்ப்பு கூடும். மயக்கமும் வரலாம். குளிர் இந்த நோயில் எவ்வளவு புகுந்து விளையாடுகிறது என்பதை அமெரிக்கக் கடற்படையின் 2007 ஆய்வு காட்டியது: கீழே வெதுவெதுப்பாக இருந்துவிட்டு மேலேறும்போது குளிரில் இருப்பவர்களுக்கே ஆபத்து அதிகம். முக்குளிப்பின் கடைசிப் பகுதியில் குளிர ஆரம்பித்திருந்தால், 5 மீட்டர் நிறுத்தத்தை முடித்து மிக மெதுவாக ஏறுங்கள். அன்று இரண்டாம் முறை இறங்க வேண்டாம்.

சனிக்கிழமை இரண்டு முறை, ஞாயிறு காலை ஒருமுறை இறங்கிவிட்டு, ஞாயிறு இரவு 11.30 விமானத்தில் திரும்பலாமா?
– வாசகர், கேலாங்

முடியாது. ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரமும் விமானத்துக்கு முன் இடைவெளி வேண்டும் என்பது முக்குளிப்பாளர் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் பரிந்துரை. உங்கள் கணக்குப்படி ஞாயிறு அதிகாலை 5.30க்கு முன் நீரை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். ஆகவே வெள்ளி, சனியில் முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையைக் கருவிகளுக்குக் கொடுங்கள். ரெகுலேட்டரின் தூசி மூடியைப் போட்டு, பர்ஜ் பொத்தானை அழுத்தாமல், நன்னீரில் நன்றாக ஊறவிட்டு மணலை வெளியேற்றுங்கள். பிசிடிக்குள்ளும் நன்னீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். சொந்த 7 மில்லிமீட்டர் சூட் என்றால் அதை முதலில் காற்றில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் கூடுதல் எடைக்கு வெள்ளி கட்ட நேரிடும்.